வைசியாள் வீதி வீட்டுவரிசை: ஒரு மதிப்பீடு

வைசியாள் வீதி, புதுச்சேரியின் தமிழர் பகுதியில் உள்ள பழைய குடியிருப்புத் தெரு. கலவை சுப்பராய செட்டி வீதி என்றும் அழைக்கப்படுகிறது. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ் இத்தெருவின் ஒரு பகுதியில் வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டன. இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை இப்பணியில் முக்கியப் பங்காற்றியது. 2008-இல் இத்தெரு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது.

அமைப்பு

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற 20-ஆம் நூற்றாண்டுக் குடியிருப்புகளில் ஒவ்வொரு வீடும் தனி மனையில், சுற்றுச்சுவருக்குள் நிற்கும். வைசியாள் வீதி வீடுகள் அப்படியல்ல. பக்கச் சுவரோடு சுவர் ஒட்டி, இடைவெளியின்றி வரிசையாக நிற்கின்றன. தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு உள்ளது. இதைத் தாழ்வாரம் என்பர். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் இதன்கீழ் ஒதுங்கலாம். அதையடுத்துத் திண்ணை, நடை, முற்றம் என வீடு உள்நோக்கி நீள்கிறது. பக்கங்களில் சன்னல் வைக்க இடமில்லாததால் வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே வருகின்றன.

மாடி வீடுகள் பலவற்றில் இரு மரபுகள் கலந்துள்ளன. கீழ்த்தளம் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் முறையில் இருக்கும். மேல்தளத்தில் வளைவுச் சன்னல்கள், சுவரோடு ஒட்டிய சுதைத்தூண்கள், கைப்பிடிச் சுவர் எனப் பிரெஞ்சுச் சாயல் தெரியும்.

மதிப்பீடு

இத்திட்டத்தின் பெரிய சிறப்பு, தனி வீட்டை எடுத்துக்கொள்ளாமல் தெருவையே ஒரு கட்டடமாகக் கருதியது. தாழ்வாரங்கள் ஒரே கோட்டில் தொடர்ந்தால்தான் தெருவுக்கு நிழல். நடுவில் ஒரு வீட்டை இடித்து, கார் நிறுத்த இடம் விட்டுப் பின்தள்ளிக் கட்டினால் பல்வரிசையில் ஒரு பல் விழுந்தது போலாகிவிடும். மீதி வீடுகளின் அழகும் குறையும்.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. சீரமைப்பு முகப்போடு நின்றது. முகப்பு தெருவுக்குரியது, முற்றம் வீட்டாருக்குரியது என்ற பிரிவு நிர்வாகத்துக்கு எளிது. கட்டடக் கலைக்குப் பொருந்தாது. முற்றத்தைக் கான்கிரீட் போட்டு மூடினால் வீடு இருட்டாகிறது. இருட்டு வீட்டில் குடியிருக்க விரும்பாதவர் ஒருநாள் அதை விற்பார். அழகிய முகப்பு அதைத் தடுக்காது.

ஒப்பீட்டுக்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரைக் கொள்ளலாம். அங்குள்ள புதிய நகரம், ஜேம்ஸ் கிரெய்க் வகுத்த 1767-ஆம் ஆண்டு வரைபடத்தின்படி எழுந்தது. அதன் சார்லட் சதுக்கத்துக்கு 1791-இல் ராபர்ட் ஆடம் வரைந்த முகப்பு, பல வீடுகளை ஒரே அரண்மனை போலக் காட்டுகிறது. ஜார்ஜியக் காலத்தைச் சேர்ந்த இப்புதிய நகரின் தொடர்கட்டடங்கள் பலவற்றில், ஒரே பொதுப் படிக்கட்டைப் பகிர்ந்துகொண்டு தளத்துக்குத் தளம் வெவ்வேறு குடும்பங்கள் வாழ்கின்றன. நம்மூர் ஒண்டுக்குடித்தனத்தை நினைவூட்டும் ஏற்பாடு இது. ஆனால் இங்கே அவரவர் தளம் அவரவர்க்கே சொந்தமாக இருக்கலாம்.

இரண்டு விதிகள் அக்கட்டடங்களைக் காக்கின்றன. மரபுப் பட்டியலில் சேர்ந்த கட்டடத்தின் உட்புறமும் பாதுகாப்புக்கு உட்பட்டது. மேலும், 2004-ஆம் ஆண்டுச் சட்டம் கூரை போன்ற பொதுப் பகுதிகளைப் பழுதுபார்க்க, உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் முடிவெடுக்க வழி செய்கிறது. செலவு பகிரப்படுகிறது. ஒருவர் மறுத்தார் என்பதற்காக எல்லோர் தலைமேலும் கூரை ஒழுக வேண்டியதில்லை.

வைசியாள் வீதிக்கு அதே சட்டம் அப்படியே பொருந்தாது. இங்கே கூரை தனித்தனி, சுவர்தான் பொது. ஆயினும் பொதுச் சுவர், தாழ்வாரம், முற்றம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் காக்கும் ஏற்பாடு தேவை. சேலத்தில் முதல் அக்ரகாரம் இன்று கடைத்தெரு. பழைய குடியிருப்பைப் பெயர்தான் நினைவூட்டுகிறது. வைசியாள் வீதியில் இன்னும் வீடுகள் நிற்கின்றன. அவற்றுக்குள் மக்கள் வசதியாக வாழும்வரைதான் அந்த விருதுக்கும் பொருள் உண்டு.