பிடிபட்ட எலெக்ட்ரான் தங்குமா? 2002-ம் ஆண்டுக் கட்டுரை ஒன்றைத் திரும்பப் படித்தபோது

ஃபிளாம்பாம், கிரிபாகினா, கிரிபாகின், ஹராபட்டி நாலு பேரும் 2002-ல் எழுதிய தங்க அயனிக் கட்டுரையை இந்த வாரம் மூணாவது தடவையா படிச்சேன். முதல் ரெண்டு தடவையும் மயங்கினேன். இந்த முறை ஒரு இடத்தில் இடறியது.

பின்னணி இதுதான். 25 எலெக்ட்ரான்களை இழந்த தங்க அயனி, எதிரே வரும் மெதுவான எலெக்ட்ரானை எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் அளந்து 1998-ல் வெளியிட்டார்கள். ஒரு ஃபோட்டானை உமிழ்ந்துவிட்டு எலெக்ட்ரான் நேரடியாக உட்காரும் வழியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், விடை அளவீட்டின் பக்கத்தில்கூட வராது. நூறு மடங்குக்கு மேல் இடைவெளி!

அந்த அயனியில் மிச்சம் 54 எலெக்ட்ரான்கள். கடைசி எட்டும் 4எஃப் கூட்டில். 14 இடங்களில் 8 பேரை உட்கார வைக்க 3003 வழிகள், இது அடிமட்டக் கணக்கு மட்டும். வெளியிலிருந்து வரும் எலெக்ட்ரான் தன் ஆற்றலை உள்ளே இருக்கும் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டால் நிலைகளின் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிடுவது நடக்காத காரியம்.

கட்டுரையின் அழகு இங்கேதான். எலெக்ட்ரான் முதலில் நுழையும் எளிய நிலையை 'வாசல் நிலை' என்பார்கள். வாசல் மட்டும் இருந்தால், வந்த வேகத்திலேயே எலெக்ட்ரான் திரும்பிப் போய்விடும். ஒளியை உமிழ நேரமே கிடைக்காது. ஆனால் அந்த வாசல் நிலை ஆயிரக்கணக்கான மற்ற நிலைகளோடு கலந்துவிட்டால், வெளியேறும் வேகமும் அத்தனை பங்காகச் சிதறுகிறது. ஒளி உமிழும் வேகமோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கல்யாணக் கூட்டத்துக்குள் போனவன் வந்த வாசலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பந்தியில் உட்கார வைத்துவிடுகிற மாதிரி. அணுக்கருவுக்கு நீல்ஸ் போர் 1936-ல் சொன்ன கூட்டுக்கரு யோசனையின் தம்பி இது. விடை, நேரடி வழியைப் போல 200 மடங்கு. அளவீட்டில் இருந்த புதிர் அவிழ்ந்தது.

நான் இடறியது அடுத்த படியில். பிடிப்பதை இந்த முறை நன்றாகவே கணக்கிடுகிறது. பிடிபட்டது *தங்குமா* என்பது வேறு கேள்வி. 2002-ல் தங்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 1. குறைந்த ஆற்றலில் இது நியாயம்தான், வெளியேற வழி குறைவு. ஆற்றல் ஏறினால் அயனியைக் கிளர்ந்த நிலையில் விட்டுவிட்டு எலெக்ட்ரான் கிளம்பப் புதுப்புது கதவுகள் திறக்கின்றன. தங்கும் வாய்ப்பு சரிகிறது.

இது வெறும் நுணுக்கம் இல்லை. டங்ஸ்டன் 20+ அயனியிலும் அதே 54 எலெக்ட்ரான்கள்தான். ஐட்டர் இணைவு உலையின் அடிப்பகுதியில் டங்ஸ்டன் இருக்கிறது. அதிலிருந்து பிளாஸ்மாவுக்குள் கசிவது எந்த மின்னூட்டத்தில், எவ்வளவு ஒளிவீசி வெப்பத்தைத் திருடும் என்று சொல்ல மறுஇணைவு வேகம் தேவை. ஹைடல்பெர்க் சேமிப்பு வளையத்தில் அளந்து 2011-ல் வெளியிட்ட எண், மெதுவான எலெக்ட்ரான்களிடம் நேரடி வழியைப் போல ஆயிரம் மடங்கு. 2012-ல் இதே பள்ளிக்காரர்கள் அதையும் பிடித்துவிட்டார்கள். கைதட்டலாம். ஆனால் பிளாஸ்மா கேட்பது அந்த மெதுவான எலெக்ட்ரானின் கணக்கை அல்லவே.

2015-ல் இன்னும் கறாராக, 20 லட்சம் வாசல் நிலைகளை எடுத்துக்கொண்டு திரும்பச் செய்தார்கள். கோண உந்தத்தையெல்லாம் ஒழுங்காகப் பார்த்தும் பழைய விடை பெரும்பாலும் நின்றது. எனக்கே ஆச்சரியம். தங்கும் வாய்ப்பை மட்டும் சோதனையோடு ஒப்பிட்டு அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். நேர்மையாகச் சொல்லிவிட்டே செய்கிறார்கள், அதில் குறை இல்லை. ஆனால் சோதனையிலிருந்து எடுத்த எண்ணைப் போட்டபின் சோதனையோடு ஒத்துப்போவதை வெற்றிக் கணக்கில் எழுத முடியாது.

யாரும் அளக்காத அயனிக்கு அந்த எண்ணை எங்கே போய் எடுப்பது? அடுத்து படிக்கப்போவது, வாசல் நிலைகளின் வலிமையைப் பங்குபோட்டு டங்ஸ்டனைக் கணக்கிட்ட இன்னொரு குழுவின் வேலையை. அவர்களும் சோதனைக்கு ஓரளவு பக்கத்தில் வந்திருக்கிறார்கள்.