மந்தரை சொல்லும் அநுமன் சொல்லும்

சொல்லினாற் பிறர் மனத்தை வயப்படுத்துதல், தன் மனத்தைத் தானே திருத்திக்கொள்ளுதல் என்னும் இரண்டையும் சின்னாட் பயிற்சியாற் கைவரச் செய்யலாம் என்னும் கொள்கையொன்று இன்று பலராலும் பேசப்படுகின்றது. ‘நியூரோ லிங்குவிஸ்ரிக் புரோகிராமிங்’ என்பது அதன் பெயர். அதனை உளமொழிப் பயிற்சி என ஈண்டுச் சுருங்க வழங்குவாம். தனியார் வகுப்புகள் மலிந்த வெள்ளவத்தையிலும் அதனையடுத்த பாமன்கடையிலும் வாழும் நம் மாணவர், நேர்முகத் தேர்வையும் தொழிலையும் மேடையையும் கருதி இத்தகைய பயிற்சிகளை நாடுதல் இயல்பே. அவர் அங்கே கொடுக்கும் பொருளினும், அங்கிருந்து கொண்டுவரும் நோக்கே பெரிதும் ஆராயத்தக்கது. சொல்லின் ஆற்றலைப் பற்றியதாதலின், இலக்கியம் கற்போர் இதனைக் காணாதார் போல விடுதல் தகாது.

இப்பயிற்சி தோன்றிய இடம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குறூஸ் வளாகம். 1970-களில் அங்கு மாணவராயிருந்த றிச்சாட் பான்ட்லரும் மொழியியல் ஆசிரியராயிருந்த ஜோன் கிறைண்டரும், உளநோய் தீர்ப்பதில் வல்லவரெனப் பெயர்பெற்ற பிறிற்ஸ் பேர்ள்ஸ், வேர்ஜீனியா சற்றீர், மில்ற்றன் எறிக்சன் ஆகியோரின் சொல்லையும் செயலையும் நுணுகி நோக்கி, அவர்தம் வெற்றிக்குக் காரணமானவற்றை விதிகளாக வகுக்க முயன்றனர். அவர்தம் முதல் நூல் 1975-இல் வெளிவந்தது. வல்லான் ஒருவனைப் பார்த்து அவன் செய்யுமாறு செய்யப் பழகுதல் பழுதுடைய முறையன்று. அதன்மேல் எழுப்பிய மாளிகையே ஐயத்துக்கிடமானது. மாந்தர் காட்சிவழி எண்ணுவோர், செவிவழி எண்ணுவோர், உணர்வுவழி எண்ணுவோர் எனப் பிரிவர் என்றனர். விழி மேலே சென்றால் உருவத்தையும் பக்கஞ் சென்றால் ஒலியையும் நினைக்கின்றனர் என்றனர். எதிரிருப்பவனின் இருக்கை நிலையையும் மூச்சையும் சொல்லையும் அவன் அறியாவண்ணம் ஒத்து நடப்பின் அவன் மனம் நெகிழும் என்றனர். பின்வந்தோர் சிலர், விழி செல்லும் பக்கத்தைக்கொண்டு பொய்யையும் பிடிக்கலாம் என்றனர்.

இவை உரைகல்லில் நின்றனவா? கிறிஸ்தோபர் ஷாப்லி என்பார் 1984-இலும் 1987-இலும் அதுகாறும் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, மூவகைப் பிரிவுக்குத் தக்க ஆதாரம் இல்லை என்று கண்டார். அமெரிக்க இராணுவத்தின் வேண்டுகோளால் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றம் அமைத்த குழுவும், பிறரை வயப்படுத்தும் கருவியாக இது பயன்படும் என்பதற்குச் சான்றில்லை என 1988-இல் முடிவு கூறிற்று. விழிக்கும் பொய்க்கும் கற்பித்த உறவை றிச்சாட் வைஸ்மனும் அவருடன் சேர்ந்தோரும் 2012-இற் சோதித்தனர், அவ்வுறவு வெளிப்படவில்லை. இவ்வளவும் ஆகியும் ‘நீ காட்சிவழி கற்பவன், நீ செவிவழி கற்பவன்’ என மாணவரைப் பிரிக்கும் வழக்கம் வகுப்பறைகளை விட்டு நீங்கினதில்லை. அவ்வாறு பிரித்துக் கற்பித்தலால் நன்மையுண்டு என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என 2008-இல் உளவியலாளர் சிலர் விரிவாக எழுதியுள்ளனர். ‘நான் செவிவழி கற்பவன் அல்லேன்’ என்று நம்பிவிட்ட சிறுவன் செய்யுளை வாய்விட்டு ஓதுவானா?

தன்னைத் திருத்தும் பகுதிபற்றி நீள உரைக்க வேண்டுவதில்லை. மேடையேறுமுன் பழைய வெற்றியொன்றை நினைந்து மனந்தேறுதல் தீங்கில்லாதது. ஆயின் அவையச்சத்துக்கு வள்ளுவர் கூறும் மருந்து கல்வி. எதிர்வினாவுக்கு அஞ்சாது விடைகூறும் பொருட்டு அளவை நூலைக் கற்குமாறு அவர் பணிக்கின்றார். அம்மருந்து சின்னாளில் முடிவதன்று என்பதே அதன் குறை!

இவ்விடத்து நம்மவருள் ஒருசாரார், ‘உளமொழிப் பயிற்சி கூறும் யாவும் அன்றே குறிப்பறிதலில் உள’ என்று எழுந்து நிற்பர். சோதனையில் நில்லாத கொள்கையை வள்ளுவர் முன்னரே சொன்னார் என்றல் அவர்க்குப் புகழாகுமா? பொருட்பாலில் ஒன்றும் இன்பத்துப்பாலில் ஒன்றுமாகக் குறிப்பறிதல் என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்களை அவர் வகுத்தார். முகம் உள்ளத்தைப் பளிங்குபோற் காட்டும் என்றும், நுண்ணறிவினர் அளக்குங் கோல் கண்ணே என்றும் கருதினார். எனினும், இன்ன பக்கம் பார்த்தால் இன்னது பொருள் என அட்டவணை எழுதினாரல்லர். தொல்காப்பியரும் மெய்ப்பாடு எட்டு என வகுத்தபின், கண்ணாலும் செவியாலும் திண்ணிதின் உணரும் மாந்தர்க்கன்றி அது புலப்படாது என எல்லை கட்டினார். உணர்வோனது பண்பட்ட உணர்வையே இருவரும் வேண்டினர்.

உத்திக்கும் உத்தியை ஆள்வோன் உள்ளத்துக்கும் உள்ள உறவைக் காண விரும்புவோர் கம்பரிடம் செல்லுதல் வேண்டும். துயில்கொண்ட கைகேயியை அடிதீண்டி எழுப்பிய மந்தரை, முதலில் ஆரவாரித்தே பேசுகின்றாள். இராமனுக்கு முடி என்ற செய்தி கேட்ட கைகேயி மகிழ்ந்து அணிகலன் வழங்குகின்றாள். அதனை வீசியெறிந்து வைகின்றாள் கூனி. விளைவு யாது? கைகேயி வெகுண்டு, நாவை அறுக்காது பொறுத்தேன், எதிர் நில்லாதே போ என்கின்றாள். முதல் முயற்சி முற்றத் தோற்றது. மந்தரை அகன்றாளல்லள், அடியில் வீழ்ந்து சொல்லின் போக்கை மாற்றினாள். கைகேயி ஈகையிற் பெருமிதங் கொண்டவள். அதனால், நாளை வறியோர் வந்து இரந்து நிற்கும்போது கோசலையிடம் கேட்டுக் கொடுப்பாயா, நாணி நிற்பாயா என வினவுகின்றாள். பிறந்தகத்தின்மேற் பற்றுடையவள், அதனால், உன் தந்தையைச் சனகன் இதுகாறும் தாக்காதிருந்தது உன் கணவனுக்கு அஞ்சியே, அவன் மருமகன் அரசனானபின் உன் தந்தைக்கு வாழ்வேது என்கின்றாள். வருங்காலத்தைக் கண்முன் ஓவியமாக நிறுத்திக் கேட்போரை அதனுள் நடக்கவிடும் இவ்வுத்தியை உளமொழிப் பயிற்சியினர் தனிப் பாடமாகவே கற்பிப்பர். மந்தரைக்கு அதனைக் கற்பித்தார் எவருமிலர்.

ஆயினும் கம்பர் அவளது நாவன்மைக்கே வெற்றி முழுவதையும் கொடுத்தாரல்லர். தேவர் மாயையையும் அவர் பெற்ற வரத்தையும் அந்தணர் தவத்தையும் உடன் கூட்டியே கைகேயியின் மனம் திரிந்தது என்கின்றார். உத்தியொன்றே போதும் என்று நம்பாத புலவர் அவர். வேறொன்றும் நோக்கத்தக்கது: இராமன் இளமையில் தன் கூன்முதுகில் மண்ணுருண்டை எய்த பகையை, கைகேயியிடம் மந்தரை வெளியிட்டாளல்லள். தோழியின் நலம் என்னும் போர்வையிலேயே அவள் சொல் முழுவதும் நடக்கின்றது. அப்பகையைக் கைகேயி கேட்டிருப்பின் சூழ்ச்சி அக்கணமே சிதைந்திருக்கும்.

அநுமனும் மறைந்து நின்றே தொடங்குகின்றான். இராம இலக்குவரை ஒளிந்து நோக்கி, அவர்தம் துயரையும் தேடலையும் மெய்ப்பாட்டால் உய்த்துணர்ந்து, மாணவ வடிவில் எதிர்ப்படுகின்றான். இதுவரை மந்தரையினும் அவன் வேறுபட்டானல்லன் என்றே கூறலாம். ஆனால் ‘நீ யார்’ என்ற வினா எழுந்ததும் தந்தை, தாய், தன் பெயர், தான் ஏவல் செய்யும் சுக்கிரீவன் ஆகிய யாவும் மறையாது உரைக்கின்றான்; பின்னர்க் கொண்ட வடிவையும் களைந்து காட்டுகின்றான். இலங்கை மீண்டபோதோ, இராமனை வணங்காது சீதையிருந்த திசை நோக்கி வீழ்ந்து வணங்குகின்றான். அக்குறிப்பினாலேயே அவள் கற்பொடு உள்ளாள் என்பதை இராமன் உணர்ந்துகொள்கின்றான். அதன்பின் வரும் சொல்லிலும், கேட்போன் உயிர் எதற்குத் துடிக்கின்றதோ அந்தக் ‘கண்டமை’யே முன்னிற்கின்றது. கேட்போன் நிலையறிந்து சொல்லை அடுக்குதல் மந்தரைக்கும் அநுமனுக்கும் பொது. தன் நோக்கத்தைக் கேட்போன் அறியவிடுதல் அநுமனுக்கே உரியது. மூச்சையும் இருக்கையையும் அறியாவண்ணம் ஒத்து நடக்கக் கற்பிக்கும் பயிற்சி இவ்விருவருள் எவர் வழியில் மாணவனைச் செலுத்துகின்றது என்பதே என் வினா.

வல்லாரைப் பார்த்துப் பயிலுதலுக்கு நம் நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், மிஷனரிமாரின் பிரசங்க முறையை அருகிருந்து அறிந்தவர். 1847 டிசம்பர் 31-ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அம்முறையையே சைவத்துக்கு ஆக்கித் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். வடிவு கடனாகப் பெற்றதுதான். எனினும், 1848-இல் மிஷன் பாடசாலை உத்தியோகத்தை விட்டு நீங்கி வித்தியாசாலை நிறுவியவர் எதன்பொருட்டுப் பேசுகின்றார் என்பதைக் கேட்டோர் ஐயமற அறிந்திருந்தனர். திருவாவடுதுறை ஆதீனம் 1849-இல் அவர்க்கு ‘நாவலர்’ என்னும் பட்டம் வழங்கிற்று.

பேச்சுப் போட்டிக்கு மாணவரை ஆயத்தஞ்செய்யும் ஆசிரியர்க்கு ஒன்று கூறுவேன். மந்தரை சூழ்ச்சிப் படலத்தையும் திருவடி தொழுத படலத்தையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படிப்பியுங்கள். ஒவ்வோரிடத்தும் பேசுவோர் எதனை முன்வைத்தார், எதனை மறைத்தார் என்று மாணவரையே எழுதச் சொல்லுங்கள். வள்ளுவரின் சொல்வன்மை அதிகாரத்தையும் உடன் சேர்க்க விரும்புவோர், அதனை அடுத்து அவர் வைத்த வினைத்தூய்மையையும் விடாது படிப்பித்தல் நன்று.