வகுப்பறை வாக்கெடுப்பும் குடவோலையும்

பல்கலைக்கழக வகுப்புகளில் மாணவர் கையடக்க வாக்குக் கருவியின் பொத்தானை அழுத்தி விடை தெரிவிக்கும் முறை பெரும்பாலும் தொழில்நுட்பத்தின் வெற்றியாகவே பேசப்படுகிறது. இது பொருத்தமான மதிப்பீடன்று. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய சகமாணவர் கற்பித்தல் முறையில் வாக்கெடுப்பு இருமுறை நிகழும். முதலில் ஒவ்வொருவரும் தனித்து விடையளிப்பர். பின்னர் அருகிலிருப்போருடன் வாதிட்டு மீண்டும் அளிப்பர். கற்றல் அவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்கிறது. கருவி பயன்படுத்திய வகுப்பையும் விடையட்டை உயர்த்திய வகுப்பையும் ஒப்பிட்டு 2008இல் நத்தானியேல் லாஸ்ரி வெளியிட்ட ஆய்வு, கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. எனவே காஞ்சிபுரத்துக் கல்லூரியொன்றின் தமிழ்த்துறைக்குக் கருவி வாங்க நிதியின்மை பெருந்தடையன்று. தடை, வினா அமைப்பதில் உள்ளது.

நூலாசிரியர் பெயரையோ காலத்தையோ கேட்கும் வினா நினைவைச் சோதிக்கும்; வாதத்தை எழுப்பாது. இம்மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பிலிருந்து உறுப்பினர் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டார்? மிகுதியான ஓலை பெற்றதாலா, குடத்திலிருந்து எடுத்த ஓலையில் பெயர் இருந்ததாலா, சபையின் மூத்தோர் முடிவாலா, அரச அலுவலர் ஆணையாலா? 'பழந்தமிழர் தேர்தல்' என்று பள்ளியிலேயே படித்து வந்தவர் முதல் விடையை நாடுவது இயல்பு. ஆனால் கல்வெட்டின்படி தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டனர். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை ஏற்று வாசித்தான். எண்ணுவதற்கு அங்கு வாக்குகளே இல்லை. கல்வெட்டுப் பாடத்தைக் கையில் வைத்து வாதிடும் மாணவர் இதைத் தாமே கண்டடைய இயலும். நல்ல வினாவின் இலக்கணம் அதுதான்.

கருவிக்கு ஒரு நன்மை உண்டு: யார் என்ன விடையளித்தார் என்பது பிறருக்குத் தெரியாது. அட்டை முறையில் கூச்சமுடையோர் பக்கத்திலிருப்பவரின் அட்டையைப் பார்த்தபின்பே தம்முடையதை உயர்த்தக்கூடும். ஆயினும் முதல் வாக்கெடுப்பின் பட்டை வரைபடத்தை உடனே திரையிட்டால் இந்நன்மை கெடும். அதைக் கண்ட மாணவர் பெரும்பான்மை விடைக்கு மாற முற்படுவதை 2010இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. உத்திரமேரூர் வினாவில் பெரும்பான்மை தவறாகவே இருக்கக்கூடும் என்பதால், இரண்டாம் வாக்கெடுப்பு முடியும்வரை வரைபடத்தை மறைத்தல் வேண்டும்.

சீட்டெடுப்பை மக்களாட்சி எனலாமா என்பது அடுத்த வினா. அதற்கு நான்கு தெரிவுகள் போதா. மாணவர் அரைப்பக்கமேனும் எழுத வேண்டும்.