ஒன்பது மணி என்று யார் சொன்னது?

காஃப்காவின் 'விசாரணை' நாவலைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அதிகார வர்க்கத்தைக் கிழித்த நாவல்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. நாவலில் வரும் நீதிமன்றம் நிஜமாகவே ஓர் அரசு ஆபீஸ் மாதிரியா நடந்துகொள்கிறது?

காஃப்காவுக்கு ஆபீஸ் நன்றாகத் தெரியும். சட்டம் படித்தவர், 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மரம் இழைக்கும் இயந்திரத்தில் விரல் போகாமல் தடுப்பது எப்படி என்று அறிக்கை எழுதியவர். ஆனால் முதல் விசாரணைக் காட்சியை அவர் எழுதியிருக்கும் விதமே வேறு.

வங்கியில் பெரிய பதவியில் இருக்கும் யோசஃப் கே. தன் 30வது பிறந்தநாள் காலையில் கைதாகிறான். என்ன குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. அதேசமயம் வேலைக்குப் போகத் தடையும் இல்லை. பிறகு போனில் தகவல் வருகிறது: ஞாயிற்றுக்கிழமை விசாரணை, இன்ன இடம். எத்தனை மணிக்கு? அவர்களும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. ஒன்பது மணிக்குத்தான் இருக்கும் என்று இவனே முடிவு பண்ணிக்கொள்கிறான்.

போய்ப் பார்த்தால் ஏழைகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடம். விசாரணைக்கு வந்தேன் என்று சொல்லக் கூச்சம். அதனால் லான்ஸ் என்று ஒரு தச்சர் இங்கே இருக்காரா என்று வீடு வீடாகக் கேட்கிறான். அப்படி ஒரு தச்சரே இவன் கற்பனைதான். ஐந்தாவது மாடியில் துணி துவைக்கும் பெண் அந்தப் பெயரைக் கேட்டதும் உள்ளே போகச் சொல்லிக் கை காட்டுகிறாள். அங்கே கடிகாரத்தில் மணி பத்து. ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு முன்பே வந்திருக்கணும் என்று அதட்டுகிறார் நீதிபதி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோர்ட் எதிர்பார்த்த நேரம், இவன் மனசுக்குள் வைத்திருந்த அதே ஒன்பது மணி. உள்ளே விட்ட கடவுச்சொல், இவன் இட்டுக்கட்டிய தச்சரின் பெயர். நம்ம பாஷையில் சொன்னால், கொடுத்த இன்புட்டையே திருப்பித் தரும் ஃபங்ஷன். சாதாரண ஆபீஸ் நாம் சொல்வதைக் காதில் வாங்காது. இந்தக் கோர்ட்டோ நாம் வாயால் சொல்லாததையும் கேட்டுவிடுகிறது.

அப்படியானால் எல்லாம் கே.யின் மனப்பிரமை, தவறு அவன் பேரில்தான் என்று சிலர் வாசிக்கிறார்கள். அங்கே நான் உடன்படவில்லை. கடைசியில் இரண்டு பேர் வந்து அவனைக் கூட்டிப்போய்க் கொல்லும் கத்தி பிரமை இல்லை.

கையெழுத்துப் பிரதியின் கதையும் இதற்குத் துணை. 1914 ஆகஸ்டில் எழுத ஆரம்பித்த காஃப்கா, கைதாகும் அத்தியாயத்தையும் கொலை அத்தியாயத்தையும் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டார். நடுப்பகுதி முடியாமல் தனித்தனிக் கட்டுகளாக நின்றுபோனது. 1924ல் அவர் இறந்த பிறகு நண்பர் மாக்ஸ் பிராட் வரிசைப்படுத்தி 1925ல் வெளியிட்டார். அந்த வரிசை சரியா என்று இன்றும் விவாதம் உண்டு. எப்படி மாற்றி அடுக்கினாலும் கே.யின் முடிவு மட்டும் மாறாது.

ஒவ்வொரு அடியையும் கே. தானாகத்தான் எடுத்து வைக்கிறான். போய்ச் சேரும் இடம் மட்டும் அவன் கையில் இல்லை. இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. இதற்கு 'அதிகார வர்க்கம்' என்ற ஒற்றைச் சொல் பத்தாது.

ஜெர்மனிலிருந்து நேரடியாக ஏ. வி. தனுஷ்கோடி செய்த மொழிபெயர்ப்பு தமிழில் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தியாயத்தை மட்டுமாவது, கடிகாரத்தின் மேல் ஒரு கண் வைத்துப் படித்துப் பாருங்கள்.