தலைகளை எண்ணும் அறிக்கைகள்

போதை ஒழிப்பு நிகழ்ச்சி ஒன்றின் அறிக்கையைக் கொடுத்து, கருத்துச் சொல்லும்படி கேட்டார்கள். பேரணி, உறுதிமொழி, துண்டறிக்கை, பங்கேற்றோர் எண்ணிக்கை. அதில் பெண்கள் எத்தனை பேர் என்று தனிக் கட்டம். அந்த ஊரில் குடி குறைந்ததா என்ற கேள்வி மட்டும் எங்கும் இல்லை.

இது ஓர் ஊரின் குறை அல்ல. 2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் ஒன்றிய அரசு தொடங்கிய போதையில்லா இந்தியா இயக்கமும், எத்தனை கோடிப் பேரைச் சென்றடைந்தோம் என்பதையே முன்னிறுத்துகிறது. சென்றடைவது திட்டம் செய்யும் வேலை. அதனால் என்ன மாறியது என்று பார்ப்பதுதான் மதிப்பீடு. 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் காவலர்கள் வகுப்பறைக்கே போய்ப் பாடம் நடத்தினார்கள். அதனால் மாணவர்களின் போதைப் பழக்கம் பெரிதாக மாறவில்லை என்று ஆய்வுகள் சொன்ன பிறகும் அது பல ஆண்டுகள் தொடர்ந்தது.

வேறொரு கதையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பாடநூலில் இருந்த, சாராயத்தை எதிர்க்கும் பெண்ணின் கதையைப் படித்த தூபகுண்டா பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். போராட்டம் பரவியது. 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் வருவாய் இழப்பைக் காரணம் காட்டி அது தளர்த்தப்பட்டது. பெண்களின் அளவுகோல் வீட்டுக்கு வராத கூலி. அரசின் அளவுகோல் கஜானா. கடைசியில் எது வென்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே அறிக்கையின் ஓரத்தில் என் கேள்விகளை எழுதினேன். கூலியில் வீட்டுக்கு வந்தது எவ்வளவு? அடி விழாத வாரங்கள் எத்தனை? அடகு வைத்த நகை மீண்டதா? திட்டம் தொடங்கும் முன்பும் ஓராண்டு கழித்தும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். திட்டம் நடக்காத பக்கத்து ஊரிலும் கேட்டு ஒப்பிட வேண்டும். கேட்பவர் பெண்ணாக இருக்க வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும், பெயர் எழுதக் கூடாது. கணவன் எதிரில் சொன்ன பதிலுக்கு அன்றிரவே அடி விழலாம்.

இதெல்லாம் பெண்களின் புலம்பல், தரவு ஆகாது என்பார்கள். மாதக் கடைசிவரை அரிசியை அளந்து அளந்து போடுகிறவளுக்கு அளக்கத் தெரியாதா? ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அவளிடம் கேட்பது, அவனைத் திருத்தும் பொறுப்பையும் அவள் தலையில் கட்டுவதற்காக அல்ல. திட்டம் தோற்றால் தோற்றது என்று சொல்லும் உரிமை அவளுக்கு வேண்டும் என்பதற்காக.