சைக்கிள் பழுதுநூலின் லட்சணம்

ஒரு சைக்கிள் பழுதுநூல் வாங்கத் தகுந்ததா அல்லவா என்று தீர்மானிப்பதற்குப் புத்தகக் கடையில் நின்றபடியே செய்யக்கூடிய பரீட்சை ஒன்று உண்டு. முன்னுரையையும் அட்டையின் பளபளப்பையும் விட்டுவிட்டு, பெடலைக் கழற்றும் முறை எந்தப் பக்கத்தில் சொல்லப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கத்தைப் புரட்டிப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. வலப் பெடல் மற்ற மரைகளைப் போலவே வலமாகத் திருகினால் இறுகும். இடப் பெடலோ அதற்கு நேர் விரோதமாக இடமாகத் திருகினால்தான் இறுகும். மிதிக்க மிதிக்கப் பெடலின் அச்சு தன் துவாரத்துக்குள் இம்மி இம்மியாக உருண்டு மரையைத் திருப்பப் பார்க்கும் சுபாவம் உடையதாதலால், அந்தத் திருப்பம் இரண்டு புறத்திலும் இறுக்கும் திசையிலேயே வேலை செய்யட்டும் என்று இவ்வாறு அமைத்தார்கள். ஆகாய விமானத்தினால் பிற்பாடு பேர் பெற்ற ரைட் சகோதரர்கள், டேடன் நகரத்தில் சைக்கிள் கடை நடத்திவந்த காலத்தில், 1900-ஆம் ஆண்டில், கழன்றுபோகாத பெடல் என்று இதையே விளம்பரம் செய்தார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "இடப் பெடல் எதிர்மரை உடையது" என்று முடித்துவிடும் நூல் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்கு எந்தப் பக்கம் நிற்பது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடம், எதிலிருந்து பார்த்தால் வலம் என்று திகைத்து நிற்கிற புதியவனுக்கு அந்த உண்மையினால் லவலேசமும் பிரயோஜனம் இல்லை. வேறொரு நூல், ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி பெடலில் மாட்டிக்கொண்டு பின்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளு, எந்தப் பெடலானாலும் கழலும், முன்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் இறுகும் என்று இரண்டே வரியில் சொல்லிவிடும். முதல் நூலை எழுதியவர் விஷயம் அறிந்தவர். இரண்டாவது நூலை எழுதியவர் அதோடுகூடப் பக்கத்தில் குனிந்து நிற்கும் மனிதனையும் அறிந்தவர். வீட்டில் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ளப் புறப்பட்டவனுக்கு வேண்டியது இந்த இரண்டாவது ஜாதி நூல்தான்.

இந்த வகை நூலை இலக்கியம் என்று யாரும் மதிப்பதில்லை. ஆயினும், வசனம் எழுதுகிறவனுக்கு இதைவிடக் கடினமான காரியம் வேறு உண்டோ என்று நான் யோசித்ததுண்டு. சைக்கிள் கடையில் வேலை பழகும் பையன் ஒரு சூத்திரமும் படிப்பதில்லை. மேஸ்திரி சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பதையும், கோனை ஒரு மயிரிழை தளர்த்துவதையும், கிரீஸ் படிந்த விரலால் அச்சைப் பிடித்து உருட்டிப் பார்ப்பதையும் பார்த்துப் பார்த்து, தன் கைக்கே அந்த ஞானத்தை ஏற்றிக்கொள்கிறான். அந்தக் கையின் ஞானத்தை, கை இல்லாத காகிதத்தின் வழியாக, பார்த்தறியாத ஒருவனுக்குக் கொடுத்தாக வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லா நூல்களும் சொல்லுகின்றன. எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லுகிற நூல்கள் சொற்பம்.

ஹப்பை ஓவராயிலிங் செய்யும் அத்தியாயத்தில் இந்த வித்தியாசம் கண்ணாடிபோல் தெரிந்துவிடும். அச்சின் இரு புறத்திலும் இரண்டு கோன்கள், கோனுக்கும் ஹப்பின் கிண்ணத்துக்கும் இடையே பால்ரஸ் குண்டுகள், கோனுக்கு வெளியே வாஷரும் அதை அசையாமல் காக்கும் பூட்டு நட்டும்: இவ்வளவுதான் சாதனம். முன்சக்கரத்தில் பெரும்பாலும் பக்கத்துக்குப் பத்தாக 3/16 அங்குலக் குண்டுகளும், பின்சக்கரத்தில் ஒன்பதாகக் கால் அங்குலக் குண்டுகளும் இருக்கும். பழைய கிரீஸை வழித்து, கழுவித் துடைத்து, புதுக் கிரீஸில் குண்டுகளைப் பதித்து மூடும் வரைக்கும் எந்த மந்த புத்தியுள்ள நூலும் வழிகாட்டிவிடும். சூட்சுமம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கோனை அதிகம் இறுக்கினால் அச்சைச் சுற்றும்போது மணலை அரைப்பது போன்ற ஒரு கரகரப்பு விரல் நுனியில் ஏறும். அதிகம் தளர்த்தினால் ரிம்மைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைக்கையில் சக்கரத்தில் ஆட்டம் தெரியும். இவை இரண்டுக்கும் நடுவில் உள்ள ஸ்தானம் மிக ஒடுக்கமானது. அதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டுப் பூட்டு நட்டை இறுக்கினால், அந்த இறுக்கமே கோனையும் கொஞ்சம் நெருக்கிவிடும். ஆகையால் மறுபடியும் கழற்றி, முன்னைவிட இம்மி தளர்வாக வைத்து, மறுபடியும் பூட்ட வேண்டும். நெம்புகோலை மடக்கிச் சக்கரத்தைப் பூட்டும் நவீன வண்டிகளில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு: நெம்புகோலை மடக்கும்போது உட்துளையுள்ள அச்சு சிறிது அமுங்குமாதலால், சக்கரம் வெளியே இருக்கும்போது அற்ப ஆட்டத்தை வேண்டுமென்றே விட்டுவைக்க வேண்டும், வண்டியில் மாட்டி நெம்புகோலை மடக்கியதும் அந்த ஆட்டம் மறைந்துபோக வேண்டும். நட்டு வைத்து முடுக்கும் பழைய அச்சுக்கு இந்த உபாயம் தேவையில்லை.

இத்தனையும் ஒரு நூல் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேலும், மூன்று நான்கு தடவை திரும்பத் திரும்பச் செய்தால்தான் சரியாக வரும், கைதேர்ந்தவர்களுக்கும் அப்படித்தான் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாமையினால், தனக்குக் கை வராது என்று முடிவு கட்டிச் சக்கரத்தை மூட்டையாகக் கட்டிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அநேகர்.

அமெரிக்காவில் இந்த நூல்வகைக்குப் புது உயிர் வந்தது 1971-இல். அந்த வருஷம் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில், டாம் கத்பர்ட்ஸன் என்பவர் 'எனிபடீஸ் பைக் புக்' என்று ஒரு நூலை எழுதி வெளியிட்டார். பத்து கியர் வண்டிகளின் மோகம் தலைதூக்கிய காலம் அது. அந்த நூலையே முதல் வெளியீடாகக் கொண்ட பிரசுரம் தனக்கு 'டென் ஸ்பீட் பிரஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டு, பிற்காலத்தில் பெரிய பிரசுரமாக வளர்ந்தது. ரிக் மாரல் வரைந்த வேடிக்கைச் சித்திரங்களும், தோள்மேல் கை போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரியான நடையும், பயந்த சுபாவமுள்ளவர்களின் கையிலும் ஸ்பேனரைக் கொடுத்துவிடும் சக்தி உடையவை. இன்றைய வண்டியில் உள்ள பாகங்களில் பாதிக்கு மேல் அதில் இல்லை என்பது வாஸ்தவம். இருந்தும், பழுதுபார்ப்பவன் மனம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ள அதற்கு இணையான நூலை நான் காணவில்லை.

இப்போது கடைகளில் எதிரும் புதிருமாக நிற்பவை இரண்டு. ஒன்று, லெனார்ட் ஸின் எழுதி 1996-இல் முதற்பதிப்பாக வந்த, மலைச் சைக்கிள்களுக்கான 'ஸின் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மவுண்டன் பைக் மெயின்டெனன்ஸ்'. சாலை வண்டிகளுக்கென்று பிறகு ஒரு சகோதர நூலும் வந்தது. மற்றொன்று, நீலப் பிடியுள்ள உபகரணங்களைச் செய்யும் பார்க் டூல் கம்பெனி வெளியிட்ட, கால்வின் ஜோன்ஸ் எழுதிய 'பிக் புளூ புக்'. முன்னதில் டாட் டெலாண்டரின் கோட்டுச் சித்திரங்கள், பின்னதில் புகைப்படங்கள். புகைப்படம் உள்ளதை உள்ளபடி காட்டும் என்று பலரும் அதையே விரும்புகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. புகைப்படத்தில் கோனும் வாஷரும் பூட்டு நட்டும் ஒரே மாதிரி மினுங்குகின்றன; நிழல் விழுந்த இடத்தில்தான் பெரும்பாலும் நாம் தேடுகிற பாகம் இருக்கும்; மேலும், படம் பிடிக்கப்பட்ட வண்டி நம்முடையது அல்ல. கோட்டுச் சித்திரக்காரனோ வேண்டாததை விட்டுவிட்டு, வேண்டியதைப் பிரித்து, அச்சிலிருந்து ஒவ்வொரு பாகமும் வரிசையாகக் கழன்று அந்தரத்தில் மிதப்பது போல் வரைகிறான். அந்த வரிசையைப் பார்த்தே மறுபடி பூட்டிவிடலாம். டெலாண்டரின் படங்கள் இந்தக் காரணத்தினாலேயே நீண்ட நேரம் பார்க்கத் தகுந்தவை. வேலைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று படிகளாக ஸின் பிரித்துவைத்திருப்பதும் புதியவனுக்குப் பெரிய உபகாரம். தன் வித்தை எந்தப் படியில் முடிகிறது, கடைக்காரரிடம் எங்கே போக வேண்டும் என்பது அதனால் தெளிவாகிறது. தாமே சைக்கிள் சட்டம் கட்டும் தொழிலாளியானபடியால், அவருடைய வாக்கியங்களில் உலோகத்தின் ஸ்பரிசம் இருக்கிறது.

கால்வின் ஜோன்ஸின் நூலைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். எந்தப் போல்ட்டை எவ்வளவு விசையோடு முடுக்க வேண்டும் என்ற அட்டவணைகளும், நோய்க்கூற்றிலிருந்து காரணத்துக்குச் செல்லும் ஒழுங்கும் அதில் அபாரம். உபகரணம் விற்கிற கம்பெனியின் நூலாதலால் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் உபகரணம் தோன்றிவிடுகிறது என்பது மட்டும் ஒரு சிறு உறுத்தல். அவற்றையெல்லாம் வாங்கப் புறப்பட்டால் வண்டியின் விலையைத் தாண்டிவிடும்.

ஆரம்பத்தில் வாங்கக் கூடாத உத்தம நூல்களும் உண்டு. 1974-இல் முதலில் வந்த ஹோவர்ட் சதர்லண்டின் கையேடு, மரை அளவுகளும் கோன் அளவுகளுமாக நிறைந்த கடைக்காரர்களின் கிரந்தம். வீட்டுக்கு அது பாரம். யோப்ஸ்ட் பிராண்ட் 1981-இல் எழுதிய 'தி பைசிகிள் வீல்' என்ற சிறு நூலைப் பற்றியோ அப்படி ஒரே வரியில் கடந்துவிட எனக்கு மனமில்லை. அவர் எஞ்சினீயர். கம்பிகள் போட்ட சக்கரத்தில் ஹப் மேற்கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற பொது நம்பிக்கையை மறுத்து, பாரம் ஏறும்போது மாறுவது பெரும்பாலும் கீழே தரையை நோக்கியுள்ள சில கம்பிகளின் இழுவிசைதான், அந்த இழுவிசை குறைவதன் மூலமாகவே சக்கரம் பாரத்தைத் தாங்குகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். சித்தாந்தம் ஒரு பாகம், கட்டும் முறை ஒரு பாகம், சமன்பாடுகள் ஒரு பாகம் என்று நூல் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கம்பிகளை வீணைத் தந்திபோல் விரலால் மீட்டி, சுருதி ஒன்றாக இருக்கிறதா என்று கேட்டு இழுவிசையை ஒப்பிடலாம் என்று அவர் சொல்லும் இடம் படித்தால், சக்கரம் பெண்டு எடுக்கும் வேலையின் மேல் மோகமே உண்டாகிவிடும். இரண்டாம் வருஷத்தில் வாங்குங்கள்.

நம் தேசத்து நிலைமைக்கு இந்த நூல்களில் ஒரு பெருங்குறை உண்டு. சென்னையில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் ஹெர்குலிஸ் முதலான கறுப்பு வண்டிகள், 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும், கிராங்கை அச்சோடு பிணைக்கும் கோட்டர் பின்னும் உடையவை. புதிய அமெரிக்க நூல்களில் இந்த ஜாதிக்கு இடம் இல்லை. கோட்டர் பின்னைக் கழற்றுவது தனி வித்தை. நட்டை முழுவதும் எடுத்துவிடாமல், அதன் மேல்விளிம்பு பின்னின் நுனியோடு சமமாக நிற்கும்படி தளர்த்தி வைத்துக்கொண்டு, கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரைமேல் நிறுத்தித் தாங்கல் கொடுத்து, சுத்தியலால் ஒரே அடியாக உறுதியாக அடிக்க வேண்டும். பயந்து பயந்து பல தடவை தட்டினால் நுனி பரந்து மரை கெட்டுப்போகும். தாங்கல் இல்லாமல் அடித்தால் அந்த அடியை உள்ளே இருக்கும் குண்டுகள் வாங்கிக்கொள்ளும். இதைச் சொல்லுகிற நூல் வேண்டுமானால், கத்பர்ட்ஸன் காலத்துப் பழைய நூல்களைப் பழம்புத்தகக் கடையில்தான் தேட வேண்டும். டயர் விஷயத்திலும் ஜாக்கிரதை தேவை: 26 அங்குலம் என்று அச்சிட்ட டயர்களெல்லாம் ஒன்றல்ல, 26 × 1 3/8 என்ற அளவுள்ளது 590 மில்லிமீட்டர் ரிம்முக்கும், மலைச் சைக்கிளின் தசமப் புள்ளியிட்ட 26 அங்குலம் 559 மில்லிமீட்டர் ரிம்முக்கும் பொருந்தும். இந்த அட்டவணை இல்லாத நூலை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

செயினைப் பற்றி ஒரு வார்த்தை. அளவுகோலை வைத்து, ஆணிக்கு ஆணி 12 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்று, 1/8 கூடிவிட்டால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும் என்று நூல் எண்ணோடு சொல்ல வேண்டும். 'தேய்ந்திருந்தால் மாற்றவும்' என்பது சோம்பேறியின் வசனம். பிறகு, புத்தகம் விரித்த பக்கத்தில் விரித்தபடியே கிடக்கிறதா, பின்னால் பொருளகராதி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டு கையிலும் கிரீஸ் இருக்கும்போது பக்கத்தைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை யாருக்கும் இல்லை.

ஆகவே, கியர் வைத்த மலைச் சைக்கிளோ சாலை வண்டியோ உடையவர்கள் ஸின்னின் இரு நூல்களில் தங்கள் வண்டிக்குரியதை, கூடிய மட்டும் பிந்திய பதிப்பாகப் பார்த்து வாங்கலாம். ஒரே வீட்டில் பல தினுசு வண்டிகள் இருந்தால் ஜோன்ஸின் நீலப் புத்தகம் உசிதம். கறுப்பு வண்டிக்காரர்களுக்குப் பழைய நூலும், தெருமுனைக் கடை மேஸ்திரியின் சிநேகமுமே கதி. எதை வாங்கினாலும், கோனைப் பிடிக்கும் மெல்லிய ஸ்பேனர்களை, பொதுவாக முன்சக்கரத்துக்கு 13, பின்சக்கரத்துக்கு 15 மில்லிமீட்டர் அளவில், உங்கள் கோனை அளந்து பார்த்து அன்றைக்கே வாங்கிவிடுங்கள். சாதாரண ஸ்பேனரின் தடிமன் கோனையும் பூட்டு நட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுமாதலால், அந்த மெல்லிய ஸ்பேனர்கள் இல்லாமல் எந்த நூலின் ஹப் அத்தியாயத்தையும் நடத்த முடியாது.