குழிக்கு உண்டு, நிறத்துக்கு இல்லை: கண்ணடி ஃபில்லர் ஊசி குறித்து

சோழபுரத்திலோ தளவாய்புரத்திலோ கண்ணுக்குக் கீழே குழி விழுந்த முகத்தோடு ஒரு பெண் தெருவில் நடந்தால், "என்னத்தா, கண்ணு இப்படி உள்ள போயிருச்சு? நைட் ஷிப்டா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ராஜபாளையத்தைச் சுற்றி நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கூடங்கள். தூக்கத்தைத் தின்னும் வேலைதான் இங்கே பல வீடுகளில் உலை கொதிக்க வைக்கிறது. கேட்கிறவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்த பிறகு அதே கேள்வி அந்தப் பெண்ணின் மனத்தில் வேறு கனத்தோடு விழுகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் முகத்தைத்தானே பார்ப்பார்கள் என்ற பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தைச் சரியாகத் தேடிக்கொண்டு வருகிறது, கண்ணடிக் கருவளையத்தை ஓர் ஊசியில் போக்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரம். பெருநகரங்களின் அழகுச் சிகிச்சை மையங்கள் கொடுக்கும் அந்த விளம்பரத்துக்கு ஊர் எல்லை கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவரின் போனுக்கும் வந்து சேர்கிறது.

கண்ணடிக் குழியை ஃபில்லர் கொண்டு நிரப்பும் இந்தச் சிகிச்சையைத் தவறு என்று ஒதுக்குகிறவன் அல்ல நான். தகுந்த முகத்தில், தேர்ந்த கையால் போடப்பட்டால் அது நேர்மையான பலனைத் தரும். என் சண்டையெல்லாம், அது தீர்க்காத குறையைத் தீர்க்கும் என்று சொல்லி அதை விற்பதோடும், அதன் அபாயத்தைச் சொல்லாமல் விடுவதோடும்தான்.

முதலில் அந்தக் குழியைப் பார்ப்போம். கண்ணின் உள்மூலையில் தொடங்கி, கன்னத்தை நோக்கிச் சாய்வாக இறங்கும் பள்ளம் அது. கண்ணைச் சுற்றியிருக்கும் வட்டத் தசை அந்த இடத்தில் எலும்போடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. தோலோ அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தடிமன். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இதுதான். வயது ஏற ஏறக் கன்னத்துக் கொழுப்பு குறையும், எலும்பு விளிம்பும் கொஞ்சம் பின்வாங்கும், பள்ளம் ஆழப்படும். சிலருக்கு இது பதினெட்டு வயதிலேயே இருக்கும். அம்மாவுக்கும் பாட்டிக்கும் அப்படியே இருந்திருக்கும். எட்டு மணி நேரம் தூங்கினாலும் அந்தக் குழி மேலே வராது, ஏனென்றால் அது எலும்பின் அமைப்பு. தூக்கக் கேடு உள்ளதை இன்னும் எடுப்பாகக் காட்டுமே தவிர, அதுவாகக் குழி தோண்டுவதில்லை.

இந்தப் பள்ளத்தை நிரப்பும் எண்ணம் பழையது. 1893இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரான்ஸ் நாய்பர், காசநோய் எலும்பை அரித்ததால் கண்ணுக்குக் கீழே உள்வாங்கிய தழும்புகளை, கையிலிருந்து எடுத்த கொழுப்பைக் கொண்டு நிரப்பினார். ஃபில்லர் வரலாற்றின் முதல் அத்தியாயமே கண்ணுக்குக் கீழேதான் எழுதப்பட்டது. அன்று அது நோய் சிதைத்த முகத்துக்கான வைத்தியம். அடுத்த சில ஆண்டுகளில் பாரஃபின் மெழுகை உருக்கி ஊசியில் ஏற்றினார்கள். அது உள்ளே கட்டிகளாகி முகங்களைக் கெடுத்தது. பிறகு சிலிக்கோன், மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் என்று ஒவ்வொன்றாக வந்தன.

இன்று பெரும்பாலும் போடப்படுவது ஹயலுரோனிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தது மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து. நம் தோலிலும் மூட்டிலும் இயற்கையாக இருக்கும் பொருள்தான். அப்படியே ஏற்றினால் உடம்பு சில நாட்களில் கரைத்துவிடும் என்பதால், அதன் இழைகளை ஒன்றோடொன்று வேதிமுறையில் பிணைத்து கெட்டியான ஜெல்லாக்குகிறார்கள். பிடிக்காவிட்டாலோ சிக்கல் வந்தாலோ ஹயலுரோனிடேஸ் என்ற நொதியை ஏற்றிக் கரைத்துவிடலாம். கொழுப்புக்கும் சிலிக்கோனுக்கும் இந்த வசதி இல்லை. கண்ணடிக்கு ஊசி என்று முடிவானால் ஹயலுரோனிக் அமிலம் தவிர வேறெதற்கும் சம்மதிக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பலன் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022இல் ஜுவெடெர்ம் வால்பெல்லா என்ற ஃபில்லரைக் கண்ணடிக் குழிக்கென்றே அனுமதித்தது; 2023இல் ரெஸ்டிலேன் ஐலைட் வந்தது. அதற்கு முன்பும் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இந்த இடத்தில் போட்டுவந்தார்கள், ஆனால் அது அந்த இடத்துக்கென்று அனுமதி பெறாத பயன்பாடு. இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு மேல் தேவைப்படுவதில்லை. அரை மணி நேரத்தில் முடிந்து, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். கீழ் இமை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டால் வெட்டு இல்லை, தையல் இல்லை. பிறவியிலேயே குழி ஆழமாக விழுந்து, எப்போதும் நோயாளி போலத் தோன்றுவதால் மனம் நொந்துபோன ஒருவருக்கு இது தரும் நிம்மதியை அற்பம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. முகத்தைப் பற்றிய வருத்தம் வீண் ஆசை என்று உபதேசிப்பது எளிது. அந்த முகத்தோடு வாழ்கிறவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

ஆனால் ஃபில்லர் செய்வது ஒரே ஒரு வேலை: பள்ளத்தை மேடாக்கும். பள்ளத்தால் விழும் நிழலை அதனால் குறைக்க முடியும். தோலின் நிறத்தை அது தொடவே தொடாது. தெருவிளக்கின் கீழே சாலைக் குழி கறுப்பாகத் தெரிகிறதே, அதை மூடினால் நிழல் போகும், தார் வெளுத்துவிடுமா?

நம் மக்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். 200 இந்திய நோயாளிகளைப் பரிசோதித்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணைச் சுற்றிய கருமை பாதிப் பேருக்கும் சற்று அதிகமானோருக்கு உடலமைப்போடு வந்த நிறமியாகவே இருந்தது. அடுத்த பெரிய பிரிவினருக்குத் தோல் அழற்சி ஆறியபின் தங்கிய கருமை. கண்ணைக் கசக்குவது, ஒவ்வாமை, கண்மை ஒத்துக்கொள்ளாதது எல்லாம் இதில் அடங்கும். 2011இல் சிங்கப்பூரில் நடந்த ஆய்வில், நிழலால் மட்டும் கருமை தெரிந்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். பிறவி நிறமிக் கருமை அங்கே இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் மிகுதி. ஆக, கருவளையம் என்று வருத்தப்படும் தமிழ்ப் பெண்களில் பெரும்பாலோருக்கு ஃபில்லர் பதிலே கிடையாது. கருவளையத்தைப் போக்கும் என்று பொதுவாகச் சொல்லி விற்பது, அவர்கள் காசை வாங்கிக்கொண்டு வேறொரு குறைக்கு வைத்தியம் பார்ப்பதாகும்.

உங்களுடையது எது என்று ஓரளவுக்கு வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி விளக்கைப் பாருங்கள். வெளிச்சம் நேராக விழும்போது கருமை மறைந்தால் அது நிழல். அப்படியே இருந்தால் நிறம். நிறமென்றால் தோல் மருத்துவர் தரும் களிம்பு, வெயில் காப்பு, கண்ணைக் கசக்காமல் இருப்பது, அரிப்புக்கு மருந்து என்ற வழியில் மெதுவாகத்தான் போகவேண்டும். களைத்த, வெளிறிய முகமென்றால் ரத்தச் சோகையையும் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தச் சோகை. ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கிறது, இரும்புச்சத்து மாத்திரையும் அங்கேயே கிடைக்கிறது. ஃபில்லரோ சிரிஞ்சு ஒன்றுக்குப் பெரும்பாலும் இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. மில் சம்பளத்தில் இரண்டு மாதச் சேமிப்பைக் கூடத் தாண்டிப் போகும் தொகை அது. ரத்தம் பார்க்காமல் அந்த இருபதாயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது மனத்தை வருத்துகிறது.

தகுந்த குழிக்கே போட்டாலும் குறைகள் உண்டு. ஊசிக் கன்றலும் வீக்கமும் சில நாட்களில் போய்விடும். அதனால்தான் முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்தில் இதைச் செய்யக் கூடாது, ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும். தோலுக்கு மிக நெருக்கமாகப் போட்டுவிட்டால் ஜெல்லில் ஒளி சிதறி நீலம் பாரித்தாற்போல் தெரியும். ஹயலுரோனிக் அமிலம் தண்ணீரை இழுக்கும் பொருள். ஏற்கெனவே கண்ணடியில் பை தொங்குகிறவர்களுக்கும், காலையில் முகம் ஊதுகிறவர்களுக்கும், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் குழிக்குப் பதில் வீக்கம் வந்து நின்றுவிடும். ஓர் ஆண்டில் தானாகக் கரைந்துவிடும் என்று சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, ஊசி போட்டுப் பல ஆண்டுகள் கழிந்தும் ஜெல் நடுமுகத்தில் தங்கியிருந்தது தெரியவந்திருக்கிறது. கரைந்துவிட்டது என்று நினைத்து ஆண்டுதோறும் மேலே மேலே போட்டுக்கொண்டவர்களின் கண்ணடி உப்பிப்போவது இதனால்தான்.

இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது, அதை விளம்பரம் ஒருபோதும் சொல்லாது. மூக்கோரமாக ஏறிக் கண்ணின் உள்மூலையை அடையும் ரத்தக்குழாய், கண்ணுக்கு ரத்தம் கொடுக்கும் குழாயோடு இணைந்திருக்கிறது. ஊசி தவறிக் குழாய்க்குள் புகுந்து ஜெல் அழுத்தத்தோடு ஏறினால், ரத்தம் ஓடும் திசைக்கு எதிராகப் பின்னோக்கிப் போய், பிறகு விழித்திரைக் குழாயை அடைத்துவிடும். கண் உடனே இருண்டுவிடும். உலக மருத்துவ இதழ்களில் அதுவரை பதிவான 98 பார்வையிழப்புகளை 2015இல் ஒரு மருத்துவக் குழு தொகுத்தது. 2019இல் மேலும் 48. இவற்றில் பெரும்பகுதி மூக்கிலும் நெற்றியிலும் புருவமத்தியிலும் போட்ட ஊசிகளால் வந்தவை. கண்ணடி ஊசியால் வருவது அபூர்வம். உலகெங்கும் போடப்படும் லட்சக்கணக்கான ஊசிகளோடு பார்த்தால் மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இழப்பு பார்வை. பெற்ற பலனோ ஒரு நிழலின் குறைவு.

இந்த இடத்தில்தான் ஊரும் தூரமும் கணக்கில் வருகின்றன. ரத்தம் நின்றபின் விழித்திரை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். ராஜபாளையத்திலிருந்து மதுரை ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். சோழபுரத்திலிருந்து இன்னும் கூடுதல். கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி தாண்டிப் பெரிய கண் மருத்துவமனையின் வாசலை மிதிக்கும்போது அந்த அவகாசம் தீர்ந்திருக்கும். ஊசி போட்ட இடத்திலேயே ஹயலுரோனிடேஸ் இருந்து, அந்த நிமிடமே ஏற்றத் தெரிந்தவர் இருந்தால் தோல் கறுத்து அழுகுவதையாவது பெரும்பாலும் தடுக்கலாம். பார்வை திரும்பியவர்கள் அப்போதும் மிகச் சிலரே. இந்த நொதி கிடைக்காத பொருளும் அல்ல. கண் அறுவைக்கு முன் போடும் மரப்பு ஊசியில் கண் மருத்துவர்கள் வெகுகாலமாகக் கலந்துவரும் மருந்துதான். அதை வாங்கி வைக்காமல் ஃபில்லர் போடுகிறவருக்கு மன்னிப்பே கிடையாது என்பேன்.

யார் போடுகிறார் என்பது அடுத்த கேள்வி. பியூட்டி பார்லர் நடத்தும் அக்கா எவ்வளவு கைத்திறம் உள்ளவராக இருந்தாலும் இது அவர் வேலை அல்ல. தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ பட்டம் பெற்று, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் உள்ளவர்தான் இதைத் தொட வேண்டும். பயிலரங்கில் உட்கார்ந்து பார்ப்பதோ யூடியூபில் பார்ப்பதோ அழகுச் சிகிச்சை செய்யப் போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் செலுத்தும் பேனா போன்ற கருவிகளும் இணையத்தில் விற்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. 2021இல் எச்சரித்தது. வீட்டில் கண்ணாடி முன் நின்று அதைக் கண்ணுக்குக் கீழே வைத்துப் பார்க்கும் பெண்ணை நினைத்தாலே பதறுகிறது.

ஆகவே என் முடிவு இது. விளக்கு வெளிச்சத்தில் நிழல் மறையும் உண்மையான குழி, தொங்கும் பையோ காலை வீக்கமோ இல்லாத கண்ணடி, ரத்தமும் தைராய்டும் பார்த்தாகிவிட்ட உடம்பு, கடன் வாங்காமல் கொடுக்கக்கூடிய பணம் — இவை கூடிவந்தால், மதுரைக்குப் போய் அனுபவமுள்ள மருத்துவரிடம், குறைந்த அளவில் போட்டுக்கொள்வது தவறான தேர்வு அல்ல. இதில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் வேண்டாம். உங்களைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு இது தேவையில்லைம்மா" என்று திருப்பி அனுப்பத் துணிகிற மருத்துவர் கிடைத்தால், அவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சம்மதிக்கும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஃபில்லர் பெட்டியைப் பிரிக்காமல் எனக்குக் காட்டுவீர்களா? ஹயலுரோனிடேஸ் இந்த அறையில் இருக்கிறதா? இரண்டில் எதற்காவது தெளிவான பதில் வராவிட்டால், முன்பணம் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.